பெருநாடி வெடிக்கும் நாளை முன்னறிதல் கூடுமோ?

எமக்குக் கணிதங் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இளைப்பாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாலை வேளைகளில் எம் இல்லத்துக்கு வந்து விறாந்தையில் அமர்ந்து, கணக்குப் புதிர் ஒன்றையேனும் அவிழ்க்காமல் அவர் எழுந்து செல்வதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை அவர் வந்தபோது கையிற் புதிர் இல்லை. வைத்தியசாலைத் தாள் ஒன்றே இருந்தது. சிறுநீரகத்திற் கல் இருக்கலாம் என்று ஐயுற்று எடுத்த ‘ஸ்கான்’ படத்திற் கல் காணப்படவில்லை. ஆனால், வயிற்றினுள்ளே பெருநாடி 4.3 சென்ரிமீற்றர் அளவுக்குப் புடைத்திருப்பதாக அத்தாளிற் குறிக்கப்பட்டிருந்தது. வெடித்தால் உயிருக்கு ஆபத்து என்று விளக்கிய வைத்தியர், இப்பொழுது ஒன்றுஞ் செய்ய வேண்டியதில்லை என்றும், ஓராண்டு கழித்து மீண்டும் வரும்படியும் கூறியனுப்பினாராம்.

“தம்பி, வாழ்நாள் முழுவதுங் கணக்குப் படிப்பித்தவன் நான். எனக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இது எப்பொழுது வெடிக்கும்? வெடிக்கக் கூடியது என்று தெரிந்த பின்னும் ஏன் காத்திருக்க வேண்டும்?” என்று அவர் வினவினார். வகுப்பறையில் நாம் ஒருபோதும் கேட்டிராத நடுக்கம் அக்குரலில் இருந்தது.

அன்று எம்மிடம் விடை இல்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும், வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவர்களை வினவியும் அறிந்தவற்றை அவருக்கு எடுத்துரைத்தோம். அவரைப் போன்றோர் பல குடும்பங்களில் இருக்கக்கூடும் ஆதலின், அவற்றையே இவ்வாரம் வாசகர்களுக்குந் தருகின்றோம்.

பெருநாடியும் அதன் புடைப்பும்

இதயத்திலிருந்து புறப்படும் குருதியை உடல் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும் தலைவாய்க்கால் பெருநாடியாகும். மார்பினுள் வளைந்து இறங்கி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றின் வழியே சென்று, இரு கால்களுக்குமாக இரண்டாகப் பிரிகின்றது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் குருதி இதயத்திலிருந்து இதனுட் பாய்கின்றது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை இதன் சுவர் விரிந்து சுருங்குகின்றது. இவ்வுழைப்பைத் தாங்குவதற்கெனச் சுவரில் இருவகை நார்கள் உள. ஒருவகை இறப்பரைப் போல நீண்டு மீள்வது. மற்றது கயிற்றைப் போல இழுவையைத் தாங்குவது.

முதுமையினாலும், புகைத்தலினாலும், பரம்பரை இயல்பினாலும் மீள்நார்கள் சிதையும்போது சுவர் தளர்ந்து வெளியே புடைக்கின்றது. வயிற்றுப் பெருநாடியின் இயல்பான விட்டம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். அது 3 சென்ரிமீற்றரை எட்டினால் வைத்தியர் அதனைப் புடைப்பு என்பர். அறுபத்தைந்து வயதைக் கடந்த ஆண்களிடத்தும், புகைத்தற் பழக்கம் உடையோரிடத்தும் இது மிகுதியாகக் காணப்படும். பெரும்பாலும் நோவைத் தருவதில்லை. வேறொரு காரணத்துக்காகப் படம் எடுக்கும்போது தற்செயலாக வெளிப்படும். வெடித்துவிட்டாலோ, பத்துப் பேரில் எட்டுப் பேர் வரை இறக்கின்றனர். அவர்களுட் பலர் வைத்தியசாலையை அடையுமுன்னரே இறக்கின்றனர்.

துவிச்சக்கரவண்டி ஓட்டும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். பழைய ரியூப் ஒன்றிற் காற்றடைக்கும்போது ஓரிடம் மட்டும் குமிழ் போலப் புடைக்கும். காற்றின் அமுக்கம் உள்ளே எங்கும் ஒன்றே. எனினும் புடைத்த இடமே மேலும் மேலும் புடைத்து இறுதியில் வெடிக்கும். இதன் காரணத்தைப் பிரான்சிய கணித அறிஞர் லப்லாஸின் பெயரால் வழங்கும் விதி காட்டுகின்றது. குழாயின் சுவரில் ஏற்படும் தகைப்பை அறிய, உள்ளமுக்கத்தை ஆரையாற் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தல் வேண்டும். ஆரை கூடினால் தகைப்புக் கூடும். தடிப்புக் குறைந்தாலும் தகைப்புக் கூடும். புடைப்பு வளர வளர இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். குருதியமுக்கம் 120 மில்லிமீற்றர் இரசம் எனின், அது சதுர சென்ரிமீற்றருக்கு 1.6 நியூற்றன் ஆகும். ஆரை 1 சென்ரிமீற்றரும் சுவர்த்தடிப்பு 2 மில்லிமீற்றரும் உடைய நலமான பெருநாடியில் தகைப்புச் சதுர சென்ரிமீற்றருக்கு 8 நியூற்றன். எம் ஆசிரியரின் புடைப்பில் ஆரை 2.15 சென்ரிமீற்றர், தடிப்பு 1.5 மில்லிமீற்றர் எனக் கொண்டால் தகைப்பு ஏறக்குறைய 23 நியூற்றன். அமுக்கம் மாறாதிருக்கவும், சுவர் தாங்கவேண்டிய சுமை மும்மடங்கு அளவுக்கு உயர்ந்துவிட்டது.

ஒரு பேரறிஞரின் முடிவு

இந்நோயாற் காலமானவர்களுள் ஒருவர் அல்பேட் ஐன்ஸ்ரைன். 1948 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், புறூக்ளின் நகரில் ருடோல்ப் நிசன் என்னும் சத்திரவைத்தியர் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பெரியதொரு தோடம்பழத்தையொத்த புடைப்பைக் கண்டார். அக்காலத்திற் பெருநாடியை வெட்டியகற்றி வேறொன்றைப் பொருத்தும் முறை இல்லை. ஆதலின் அவர் புடைப்பின்மீது செலோபேன் தாளைச் சுற்றினார். அத்தாள் சூழவுள்ள இழையத்தை உறுத்தித் தழும்பை உண்டாக்கும். அத்தழும்பு சுவருக்கு ஓரளவு காப்பாகும் என்பது அக்கால முறை. அதன்பின் ஐன்ஸ்ரைன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1955 ஏப்ரிலிற் புடைப்புக் கசியத் தொடங்கியது. அதற்குள் காலம் மாறியிருந்தது. 1951 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சாள்ஸ் டியூபொஸ்ற் என்பவர் புடைத்த பகுதியை அகற்றி, இறந்த ஒருவரின் நாடித்துண்டைப் பொருத்தி வெற்றி கண்டிருந்தார். ஐன்ஸ்ரைனுக்குஞ் சத்திர சிகிச்சை செய்யலாம் எனக் கூறப்பட்டது. உயிரைச் செயற்கையாக நீட்டிக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்தார். ஏப்ரில் 18 ஆம் நாள் அதிகாலையில், 76 ஆவது வயதிற் காலமானார். இங்கே மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவர் 1905 இற் கலாநிதிப் பட்டத்துக்கு அளித்த ஆய்வில், சீனிக் கரைசலின் பிசுக்குமையிலிருந்து மூலக்கூறின் பருமனைக் கணித்திருந்தார். குருதி எவ்வாறு ஓடுகின்றது என்று இன்று கணிப்போருக்கும் பிசுக்குமையே இன்றியமையாத எண்களுள் ஒன்று.

காத்திருத்தலின் கணக்கு

ஆசிரியரின் இரண்டாம் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். வெடிக்கக் கூடியதை உடனே அகற்றிவிட்டால் என்ன? சத்திர சிகிச்சையும் உயிராபத்து உடையது என்பதே விடை. ஆகவே இரு ஆபத்துக்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய நிறுவையை இருநாட்டு வைத்தியர் செய்தனர். 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 4 முதல் 5.5 சென்ரிமீற்றர் வரையான புடைப்புடைய 1,090 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனே சத்திர சிகிச்சை. மற்றப் பிரிவினருக்குக் காலந்தோறும் அளவெடுப்பும், புடைப்பு எல்லையைக் கடந்தபின் சிகிச்சையும். உடனே சிகிச்சை பெற்றவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறுபேர் ஒரு மாதத்துள் இறந்தனர். காத்திருந்தோரின் புடைப்பு வெடித்ததோ ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே. முடிவில் எப்பிரிவினரும் மற்றவரிலும் நீண்டு வாழ்ந்தாரில்லை. 2002 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,136 பேர் பங்குபற்றினர். அங்கே சத்திர சிகிச்சையின் இழப்பு நூற்றுக்கு மூன்றிலுங் குறைவாக இருந்தும், முடிவு அவ்வாறே அமைந்தது.

இவ்வாய்வுகளின் பயனாகவே ஆண்களுக்கு 5.5 சென்ரிமீற்றர் என்னும் எல்லை நிலைபெற்றது. பெண்களுக்கு இந்நோய் அரிது. ஆயினும் வந்தால், அதே விட்டத்தில் வெடிக்கும் வாய்ப்பு ஆண்களிலும் மூன்று நான்கு மடங்கு ஆதலின், அவர்களுக்கு 5 சென்ரிமீற்றரிலேயே சிகிச்சை பற்றி ஆராய்வர். 1990 ஆம் ஆண்டில் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ஹுவான் பரோடி, வயிற்றைத் திறவாமலே தொடையிலுள்ள நாடிவழியாக உறையிட்ட குழாய் ஒன்றைப் புடைப்பினுட் செலுத்தி விரிக்கும் முறையைச் செய்து காட்டினார். இதனாற் சிகிச்சையின் உடனடி ஆபத்துக் குறைந்தது. எனினும் அக்குழாய் வழுவாமலும் ஒழுகாமலும் இருக்கின்றதா என்று பின்னர்த் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். சிறு புடைப்புக்குப் பொறுத்திருத்தலே இன்றும் பொது விதி.

“அப்படியாயின் அந்த வைத்தியர் என்னைக் கைவிடவில்லை, கணக்குப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கின்றார்” என்றார் ஆசிரியர். அன்றிரவு அவர் ஓரளவு உறங்கினார் என்று அவர் மனைவியார் பின்னர் எமக்குக் கூறினார்.

ஆயின் முதலாம் வினா எஞ்சி நின்றது. 5.5 என்பது ஆயிரக்கணக்கானோரை நோக்கி வகுத்த எல்லை. வகுப்பின் சராசரிப் புள்ளி ஐம்பது என்பதனால், முன்வரிசையிலுள்ள மாணவன் ஐம்பது பெறுவான் என்று கூறலாமோ? 1977 இல் டார்லிங் என்பவரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, சத்திர சிகிச்சை பெறாமலே இறந்த 473 பேரின் புடைப்புக்களைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்தது. 4 சென்ரிமீற்றரைக் கடவாத புடைப்புக்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒன்று வெடித்திருந்தது. 10 சென்ரிமீற்றரைக் கடந்தவற்றிலோ, பத்தில் நான்கு அளவானவை வெடியாமலே இருந்தன. விட்டம் ஒன்றே விதியாயின் இவ்வாறு நிகழாது.

காரணத்தை மேற்கூறிய கணக்கிலேயே காணலாம். ஆசிரியரின் 4.3 சென்ரிமீற்றர்ப் புடைப்பில் ஓரிடத்தில் மட்டும் சுவர் அரை மில்லிமீற்றராக மெலிந்திருந்தால், அவ்விடத்துத் தகைப்பு ஏறக்குறைய 69 நியூற்றன். 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள 5.5 சென்ரிமீற்றர்ப் புடைப்பிலோ 29 நியூற்றனே. இது வெறுங் கற்பனையன்று. ராகவன் என்னும் ஆய்வாளரும் அவர்தங் குழுவினரும் 2006 இல் வெளியிட்ட அளவீடுகளிற் சுவரின் தடிப்பு, வெடித்த ஓரிடத்தில் 0.23 மில்லிமீற்றராகவும், சுண்ணம் படிந்த வேறோரிடத்தில் 4 மில்லிமீற்றருக்கு மேலாகவும் இருந்தது.

படமும் கணிதமும்

ஒவ்வொருவருடைய புடைப்பையும் தனித்தனியே கணித்தல் ஆகாதா என்னும் எண்ணம் இவ்வாறே பிறந்தது. அதற்கு முதலில் உட்புறத்தின் உருவத்தைத் திருத்தமாகக் காணல் வேண்டும். 1971 இல் இங்கிலாந்தில் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய கருவி முதன்முதலாக நோயாளி ஒருவரின் தலையைப் படமெடுத்தது. எக்ஸ்கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்தி, உடலைத் துண்டு துண்டாக அரிந்தாற்போலக் காட்டும் இந்தச் சீ.ரீ. முறைக்கு, அவரும் அலன் கோமக்கும் 1979 ஆம் ஆண்டு நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இத்துண்டுகளைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடைப்பின் முழுவடிவத்தையும் ஆக்குகின்றது. பின்னர் அதன் சுவரை ஆயிரக்கணக்கான சிறு ஓடுகளாகப் பிரிக்கின்றது. ஒவ்வோர் ஓட்டிலும் அமுக்கம் எவ்வளவு, அயல் ஓடுகள் எவ்வளவு இழுக்கின்றன என்று சமன்பாடு எழுதி, அனைத்தையும் ஒருங்கே தீர்க்கின்றது. பாலங்களையும் ஆகாய விமானங்களையும் அமைக்கும் எந்திரவியலாளர் கையாளும் முறையே இது. எந்த வளைவில், எந்த மடிப்பில் தகைப்பு உச்சமாகின்றது என்பது வண்ணப் படமாகத் தோன்றும்.

அமெரிக்காவில் மார்க் பிலிங்கரும் அவருடன் உழைத்தோரும் இம்முறையை நோயாளரிற் பரீட்சித்து, 2002 இலும் 2003 இலும் முடிவுகளை வெளியிட்டனர். வெடித்த புடைப்புக்களில் உச்சத் தகைப்பு, அதே விட்டமுள்ள வெடியாத புடைப்புக்களிலும் மிகுதியாக இருந்தது. 103 பேரைத் தொடர்ந்து நோக்கிய இரண்டாம் ஆய்வில், யாருக்கு ஆபத்து என்று பிரித்தறிவதற்கு விட்டத்திலும் தகைப்பே சிறந்த அளவுகோலாயிற்று.

குருதியின் ஓட்டம்

வேகமாக ஓடிவரும் குருதி மோதுவதாலேயே சுவர் வெடிக்கின்றது என்று பலர் எண்ணுவர். பௌதிக மாணவர் அதனைக் கணித்துப் பார்க்கலாம். குருதி செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வந்தாலும், அவ்வேகம் முழுவதும் தடைப்பட்டு அமுக்கமாக மாறினால் கிடைப்பது 4 மில்லிமீற்றர் இரசமே. 120 உடன் ஒப்பிட அது மிகச் சிறிது. ஓடும் குருதி சுவரை உரசும் விசையோ அதனிலும் நுண்ணியது. அமுக்கத்தின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு என்னலாம்.

அவ்வாறாயின் ஓட்டத்தைக் கணிப்பதனாற் பயன் என்ன? நாடிச் சுவர் உயிருள்ளது என்பதே விடை. அதன் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய கலங்கள் அச்சிறு உரசலை உணர்ந்தே தம் தொழிலைச் செய்கின்றன. விட்டம் இருமடங்காகும் இடத்தில் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும். சராசரி வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆறு குளத்தினுள் விழும்போது நடுவே நீரோட்டமும் ஓரங்களிற் சுழியும் மந்தமும் காண்பது போல, புடைப்பின் ஓரங்களிற் குருதி தேங்கிச் சுழல்கின்றது. உரசல் குறைந்த அவ்விடங்களிற் கலங்கள் பழுதுறுகின்றன; குருதி உறைந்து படிகின்றது. அப்படிவு சுவரின் சுமையை ஓரளவு குறைப்பினும், தன்கீழுள்ள சுவருக்கு ஒட்சிசன் செல்வதைத் தடுத்து அதனை நலிவிக்கின்றது என்பதை 2001 இல் டேவிட் வோர்ப்பும் அவர் குழுவினரும் காட்டினர்.

நாடியிற் குருதியின் ஓட்டத்துக்குச் சமன்பாடு எழுத 1775 இலேயே முயன்ற ஓய்லர், அதனைத் தீர்ப்பதிற் கடக்கவொண்ணா இடர்கள் உள என்று கைவிட்டார். பின்னர் நேவியர், ஸ்ரோக்ஸ் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் சமன்பாடுகள் தோன்றின. அவற்றை ஒவ்வொரு நோயாளியின் நாடிவடிவத்துக்கும் இன்று கணினி எண்முறையாகத் தீர்க்கின்றது. கனடாவின் வின்னிப்பெக் நகர ஆய்வாளர் 2016 இல் வெளியிட்ட கட்டுரையில், வெடித்த ஏழு புடைப்புக்களை இவ்வாறு கணித்தனர். குருதி நேரே பாய்ந்து மோதும் இடங்களிலன்றி, உரசல் குறைந்து படிவு சேரும் இடங்களிலேயே வெடிப்புப் பெரிதும் நிகழ்ந்திருந்தது. ஏழு என்பது சிறு தொகையே. ஆயினும் அது சுட்டும் திசை கவனிக்கத்தக்கது.

படத்திற் காணாதது

இத்துணை அறிந்த பின்னும் வெடிக்கும் நாளைக் கூற இயலாமை ஏன்? ஒரு பொருள் உடைவதற்கு இரண்டு எண்கள் வேண்டும். அதன்மீது உள்ள தகைப்பு ஒன்று. அது தாங்கவல்ல வலிமை மற்றொன்று. முதலாவதைப் படமும் கணிதமும் ஓரளவு தருகின்றன. இரண்டாவதை அறியச் சுவரின் துண்டை வெட்டியெடுத்து இழுத்துப் பார்த்தல் வேண்டும். உயிருடன் உள்ளவரிடம் அது ஆகாது. அரை மில்லிமீற்றர்த் தடிப்பைப் படத்தில் நம்பத்தக்கவாறு அளப்பதும் அரிது. வலிமையும் நிலையானதன்று, அழற்சி நார்களை அரிக்க, உடல் அவற்றை மீண்டும் நெய்ய, அது நாள்தோறும் மாறுகின்றது.

அவ்வழற்சியையேனும் காணலாமோ என ஸ்கொத்லாந்து ஆய்வாளர் முயன்றனர். நுண்ணிய இரும்புத் துணிக்கைகளைக் குருதியிற் செலுத்தி, அழற்சியுள்ள இடங்களில் அவை சேர்வதை எம்.ஆர்.ஐ. படத்திற் கண்டனர். 342 பேரை நோக்கி 2017 இல் வெளியிட்ட முடிவின்படி, துணிக்கை சேர்ந்த புடைப்புக்கள் விரைந்து வளர்ந்தன. வெடித்தலும் சத்திர சிகிச்சை வேண்டப்படுதலும் அவற்றில் மிகுந்தன. எனினும் விட்டத்தையும் புகைத்தற் பழக்கத்தையும் கொண்டு முன்னரே அறியக்கூடியதிலும் மிகுதியாக அப்படம் எதையும் முன்னறிவிக்கவில்லை. ஆகவே வைத்தியர் இன்றும் முதன்மையாக நோக்குவது விட்டத்தையும், அது வளரும் வேகத்தையும், நோவு முதலிய குறிகளையுமே.

இதனை ஆசிரியரிடங் கூறத் தயங்கினோம். அவரோ சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “இரு மாறிகள், ஒரு சமன்பாடு. தீர்வு வராதது சரிதான்” என்றார். பிறகு, “எண்ணை மாற்ற முடியாவிட்டாலும் நிபந்தனையை மாற்றலாமல்லவா?” என்று கேட்டார்.

மாற்றலாம். புகைப்போரிடத்துப் புடைப்பு விரைந்து வளர்கின்றது; வெடிக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய இருமடங்காகின்றது. வளர்ச்சியைத் தடுக்கும் என நிறுவப்பட்ட மருந்து இதுவரை இல்லை. ஆயின் புகையை விடுதல் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. குருதியமுக்கத்தை அளவோடு வைத்திருத்தல் வேண்டும். தந்தைக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்ததாயின், முதுமையை அணுகும் ஏனையோரும் வைத்தியரைக் கேட்டு ஒருமுறை ஸ்கான் எடுத்தல் நன்று. அது நோவற்ற, சில நிமிடச் சோதனை. அதன் பயனும் நிறுவப்பட்டதே. 2002 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 65 முதல் 74 வயது வரையான 67,800 ஆண்கள் அடங்கினர். சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது. இங்கிலாந்தில் 2009 முதல் 65 வயதை அடையும் ஆண்களை அரசே இச்சோதனைக்கு அழைக்கின்றது. புடைப்பு உண்டென அறிந்த ஒருவருக்கு வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடுநோவு கண்டால், விடியட்டும் என்று பாராது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

எம் ஆசிரியர் நாற்பதாண்டுகளாகப் பற்றிய சுருட்டை அவ்வாரமே விட்டார். தம்பியாரையும் அழைத்துச் சென்று ஸ்கான் எடுப்பித்தார். அவருக்குக் குறையேதும் இல்லை. ஓராண்டு கழித்துத் தாமுஞ் சென்று அளவெடுத்தார். 4.5 சென்ரிமீற்றர் என்று தாளில் இருந்தது. “இரண்டு மில்லிமீற்றர் கூடியிருக்கின்றது, அளவெடுப்பின் வழுவும் அவ்வளவு இருக்கலாம். இன்னும் மூன்று புள்ளிகள் கிடைத்தாற்றான் வரைபு கீறலாம்” என்று எம்மிடங் கூறினார். அம்மூன்று புள்ளிகளுக்கும் மூன்று ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகள் தமக்கு உண்டு என்னும் எண்ணத்தோடு அவர் பேசியமை எமக்கு மகிழ்ச்சி தந்தது. அன்று மாலை அவர் கையில் மீண்டும் ஒரு புதிர் இருந்தது.